ஹுவாங் சின் வேரிலிருந்து சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணுதல்: முழுமையான வழிகாட்டி

சீன மரபு மருத்துவத்தில் ஹுவாங் சின் என வழங்கும் வேர், ஸ்குட்டெல்லேரியா பைக்காலென்சிஸ் என்ற செடியினுடையது. தாவரச் சேர்மங்களைப் பிரிக்கக் கற்க வருவோருக்கு நான் முதலில் கொடுப்பது இந்த வேரைத்தான். சேர்மங்கள் மஞ்சள் நிறமாக இருப்பதால் அவை நிரலில் (சேர்மங்களைப் பிரிக்கும் பொடி நிரப்பிய குழாயில்) இறங்குவது கண்ணுக்கே தெரியும். சரக்கும் எளிதில் கிடைக்கும். ஆனாலும் இது எளிய வேர் அன்று. முறை தவறினால் வேரில் இருந்த பொருளுக்குப் பதிலாக, நம் கையாளுதலால் உண்டான பொருளையே பிரித்தெடுத்து, அதைத் தாவரத்தின் சேர்மம் என்று எழுதிவிட நேரும். கீழே சொல்லியுள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு தவற்றைத் தடுப்பதற்காகவே அமைந்தது.

குறி வைக்கும் சேர்மங்கள் நான்கு: பைக்காலின், அதிலிருந்து குளுக்குரோனிக் அமிலம் நீங்கிய பைக்காலீன், வோகோனின், ஒரோக்ஸிலின் ஏ. நான்குமே ஃபிளேவோன்கள் என்ற தாவரச் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

உலர்ந்த வேர் 1 கிலோ, மீள்கொதிப்பு அமைப்பு (ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்புவது), வெற்றிடப் பம்பு இணைத்த சுழல் ஆவியாக்கி, 2 லிட்டர் பிரிபுனல், சிலிக்கா மற்றும் பாலிஅமைடு மெல்லடுக்குத் தகடுகள் (கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டுபவை), 254 மற்றும் 365 நானோமீட்டர் புறஊதா விளக்கு, நிரலுக்கான சிலிக்கா ஜெல், செபாடெக்ஸ் எல்எச்-20 என்ற நிரல் நிரப்பி, சி-18 நிரல் பொருத்திய ஹெச்.பி.எல்.சி. (கரைசலை உயர் அழுத்தத்தில் ஓட்டிப் பிரித்து, ஒவ்வொரு சேர்மத்தையும் ஓர் உச்சியாக வரைந்து காட்டும் கருவி) ஆகியவை வேண்டும். நிறைமாலை (மூலக்கூறின் நிறையை அளப்பது), என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பை அறிவது) கருவிகள் சொந்த ஆய்வகத்தில் இல்லாவிட்டாலும், எங்கே, எந்த நாளில் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். தூய்மைப்படுத்திய பைக்காலீன் கரைசல் வாரக்கணக்கில் வரிசையில் காத்திருந்தால் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

ஒப்பீட்டுத் தரப்பொருள்களையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். பெய்ஜிங்கிலுள்ள தேசிய உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பைக்காலின் போன்றவற்றின் தரப்பொருள்களை வழங்குகிறது. எல்லாம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், இரண்டாவது நாளிலேயே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை இரண்டாவது மாதத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

கரைப்பான்களைச் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கரைப்பானிலும் அரை லிட்டரை ஆவியாக்கி, எஞ்சுவதை மெல்லடுக்குத் தகட்டிலும் நிறைமாலையிலும் பாருங்கள். பிளாஸ்டிக் கேன்களிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசியும் தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள்கள்) அங்கேயே தெரிந்துவிடும். நிறைமாலையில் 149, 391 என்ற எண்கள் தென்பட்டால் அது பெரும்பாலும் டைஆக்டைல் தாலேட்டு. தாலேட்டுகளைத் தாவரச் சேர்மம் என்று அறிவித்த கட்டுரைகள் இத்துறையில் ஏராளம். இந்த வெற்றுச் சோதனையைச் செய்திருந்தால் அவை எழுதப்பட்டிருக்கமாட்டா.

2. வேர் எந்தச் செடியினுடையது என உறுதிசெய்தல்

சந்தையில் ஹுவாங் சின் என்ற பெயரில் வருவது எல்லாம் ஒரே இனம் அன்று. யுன்னான் பகுதியின் ஸ்குட்டெல்லேரியா அமீனா, வடக்கில் வளரும் ஸ்குட்டெல்லேரியா விஸ்கிடுலா முதலிய உறவினச் செடிகளின் வேர்களும் அந்தந்த வட்டாரங்களில் அதே பெயரில் பயன்படுகின்றன. சேர்மங்களின் அளவும் வகையும் அவற்றில் வேறுபடும்.

பெயரை மட்டும் நம்புவதன் விளைவு என்ன என்பதற்குப் பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததே சான்று. உடல் மெலிவுக்கான மருந்தில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா சேர வேண்டிய இடத்தில், பெயரால் நெருங்கிய அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வேர் சேர்ந்துவிட்டது. அதை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன.

ஆகவே, முடிந்தால் பூத்த செடியோடு வேரைச் சேகரித்து, அழுத்தி உலர்த்திய மாதிரியை ஒரு தாவரக் காப்பகத்தில் வைத்து எண் பெறுங்கள். கடையில் வாங்கினால் விளைந்த மாவட்டம், அறுவடை ஆண்டு, சரக்கு எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, 50 கிராம் வேரை அரைக்காமல் எடுத்து வையுங்கள். பழைய வேர்களின் நடுப்பகுதி உளுத்துப் பழுப்பாக இருக்கும். சேர்மங்களைப் பிரிப்பதற்கு, உள்ளே திடமாகவும் மஞ்சளாகவும் இருக்கும் இளைய வேர்களே ஏற்றவை.

3. நொதியை முதலில் அடக்குதல்

புதிதாக வருவோரில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹுவாங் சின் வேருக்குள் பைக்காலினும், அதை உடைக்கும் ஒரு குளுக்குரோனிடேஸ் நொதியும் சேர்ந்தே இருக்கின்றன. வேர் உலர்ந்திருக்கும்வரை நொதி செயல்படாமல் கிடக்கும். குளிர்ந்த நீர் பட்டதும் அது விழித்துப் பைக்காலினிலிருந்து குளுக்குரோனிக் அமிலத்தை அறுத்துவிடும், எஞ்சுவது பைக்காலீன். பைக்காலீனின் ஒரு வளையத்தில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் அடுத்தடுத்து நிற்பதால், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதை எளிதில் குவினோனாக மாற்றி, வேர்த்துண்டுகளைப் பச்சையாக்கிவிடும். பச்சை தட்டிய ஹுவாங் சினைச் சீன மருந்துக் கடைக்காரர்கள் தரம் கெட்ட சரக்கு என்று ஒதுக்குவதற்கான வேதியியல் காரணம் இதுவே.

சீன பார்மகோபியா (அந்நாட்டின் அதிகாரபூர்வ மருந்துத் தரநூல்) வேரைக் குளிர்நீரில் ஊறவைத்து நறுக்கச் சொல்வதில்லை. கொதிநீரில் 10 நிமிடம் வேகவைத்தோ, அரை மணி நேரம் ஆவியில் வைத்தோ, அதன்பின் நறுக்கி, கடும் வெயில் படாமல் உலர்த்தச் சொல்கிறது. வெப்பம் நொதியைக் குலைத்துவிடுவதால் பைக்காலின் அப்படியே நிற்கும். உலர் வேரில் பைக்காலின் 9.0 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும் அந்நூலின் விதி.

வெப்பம் எப்போதும் நன்மை தரும் என்று இதிலிருந்து பொதுவிதி செய்துகொள்ளக் கூடாது. ஆர்டிமீசியா ஆனுவா செடியிலுள்ள மலேரியா மருந்தான ஆர்டிமிசினினில் பெராக்சைடு பிணைப்பு இருப்பதால், கொதிக்கவைத்துச் சாறெடுப்பது அதற்குப் பகை. 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் ஈதரே அங்கு உதவியது. எந்தச் செடியானாலும், குறி வைத்த சேர்மத்தின் பலவீனம் எது என்பதை அறிந்த பிறகே கரைப்பானையும் வெப்பத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்கிய சரக்கில் நொதி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க ஒரு சிறு வழி உண்டு. 5 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுத்து, ஒன்றைக் கொதிநீரில் போட்டும் மற்றொன்றைக் குளிர்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தும் சாறெடுத்து, ஒரே தகட்டில் அருகருகே புள்ளியிடுங்கள். ஊறிய பங்கில் பைக்காலின் புள்ளி மங்கி, பைக்காலீன் புள்ளி தடித்திருந்தால் நொதி செயல்படுகிறது. கிலோ கணக்கில் கைவைக்குமுன் இந்தத் தகட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

4. சாறெடுத்தல்

வேரைக் கரகரப்பாக அரையுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும். 1 கிலோவுக்கு 70 விழுக்காடு எத்தனால் 8 லிட்டர் ஊற்றி, 2 மணி நேரம் மீள்கொதிப்பில் வைத்து, சூடாகவே வடிகட்டி, புதிய கரைப்பானுடன் மறுமுறையும் செய்யுங்கள். எத்தனாலைக் கொதிக்கவைத்து ஊற்றுவது நல்லது. நொதி மிச்சம் இருந்தாலும் அது செயல்பட இடம் கிடைக்காது. தனி நீர் வோகோனினைச் சரியாகக் கரைக்காது. தூய எத்தனால் பைக்காலினைச் சரியாகக் கரைக்காது. 70 விழுக்காடு இரண்டையும் வெளிக்கொணரும்.

இந்தக் கட்டத்தில் அமிலம் சேர்க்கவே கூடாது. ஆல்கஹாலும் அமிலமும் வெப்பமும் ஒன்றுசேர்ந்தால் பைக்காலினின் கார்பாக்சில் தொகுதி எஸ்டராகிவிடும். இதன் விளைவை 8-ஆம் பகுதியில் காணலாம்.

வடிசாற்றை 50 டிகிரிக்கு மேற்படாமல், வெற்றிடத்தில், ஆல்கஹால் முழுவதும் நீங்கி ஏறத்தாழ 1 லிட்டர் நீர்க்கரைசல் எஞ்சும்வரை சுண்டவையுங்கள். அப்போது குடுவையின் அடியில் மஞ்சள் பொடி படியக்கூடும். அதைக் கசடு என்று வடிகட்டி எறிந்துவிட்டு, பைக்காலின் குறைவாக இருக்கிறதே என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். படிந்தது பைக்காலினே, அதைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. பிரிக்குமுன் சாற்றில் என்ன இருக்கிறது எனப் பார்த்தல்

சாற்றில் சில துளிகளை மெத்தனாலில் நீர்த்து, நிறைமாலை இணைத்த ஹெச்.பி.எல்.சி.யில் ஓட்டி, 280 நானோமீட்டரில் பாருங்கள். சி-18 நிரலில் பைக்காலின் முதலில் வரும்; அதன்பின் வோகோனோசைடு (வோகோனினுடன் குளுக்குரோனிக் அமிலம் இணைந்தது), பைக்காலீன், வோகோனின், ஒரோக்ஸிலின் ஏ என்ற வரிசை அமையும். ஏற்கெனவே அறிந்த சேர்மங்கள் எவை, எந்த உச்சிக்காக உழைப்பது தகும் என்பது இப்போதே தெளிவாகிவிடும். இதைத் தவிர்த்து நேரே நிரலுக்குச் செல்பவர்கள், தரப்பொருளாக விலைக்குக் கிடைக்கும் ஒன்றை மீண்டும் பிரிப்பதில் ஆண்டுகளைச் செலவிடுகிறார்கள்.

இந்த முதல் வரைபடத்தை அச்சிட்டு வையுங்கள். பின்னால் கிடைக்கும் ஒவ்வொரு தூய சேர்மத்துக்கும் இதில் ஓர் உச்சி இருக்க வேண்டும். இல்லையென்றால், அது வேரிலிருந்து வந்ததா என்ற கேள்வி எழுகிறது.

6. கரைப்பான்களால் பங்கிடுதல்

நீர்க்கரைசலைப் பிரிபுனலில் இட்டு, முதலில் பெட்ரோலியம் ஈதரால் கொழுப்பை நீக்கி, பிறகு எத்தில் அசிட்டேட்டால் மூன்று முறை குலுக்கி எடுங்கள். சர்க்கரையற்ற பைக்காலீன், வோகோனின், ஒரோக்ஸிலின் ஏ ஆகியவை எத்தில் அசிட்டேட்டுக்கு ஏறும். பைக்காலின் நீரில் தங்கும். வேகமாகக் குலுக்கினால் பால்போலத் திரிந்து அடுக்குகள் பிரியாமல் நிற்கும்; புனலை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துவதே போதும்.

அதன்பிறகுதான் நீர் அடுக்கை அமிலமாக்க வேண்டும். ஆல்கஹால் மிச்சமில்லை என உறுதிசெய்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஹெச்-ஐ 1.5 முதல் 2 வரை இறக்கி, 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பைக்காலின் மணிமணியாகத் திரண்டு, எளிதில் வடிகட்டும் நிலைக்கு வரும். வேரில் பெரும்பாலும் மக்னீசியம் உப்பாக இருப்பதால் வெந்நீரில் கரையும் பைக்காலின், அமிலத்தில் தன் அமில வடிவுக்கு மாறிக் கரைதிறனை இழக்கிறது. குளுக்குரோனிக் அமிலப் பிணைப்பு, குளுக்கோஸ் பிணைப்பைவிட அமிலத்தை மிகுதியாகத் தாங்கும் என்பதால் இந்த வெப்பத்தில் சேர்மம் உடையாது.

வீழ்படிவை மேலும் தூய்மையாக்க, நீரில் கலக்கிச் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 7 வரை கொணர்ந்து கரைத்து, சம அளவு எத்தனால் சேர்த்து, படியும் பசைப்பொருளை வடிகட்டி நீக்கி, கரைசலை வெப்பமின்றி மீண்டும் அமிலமாக்கலாம். பிஹெச் 7.5-ஐத் தாண்டினால் கரைசல் கருக்கத் தொடங்கும். ஆகவே காரத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். வரிசையை மாற்றி முதலிலேயே அமிலமாக்கினால், வீழ்படிவு மற்ற ஃபிளேவோன்களையும் இழுத்துக்கொண்டு படியும். பிறகு அவற்றைக் கழற்றுவது பெரும்பாடு.

7. நிரலில் பிரித்தல்

எத்தில் அசிட்டேட் சாற்றைச் சிலிக்காவுடன் பிசைந்து உலர்த்தி நிரலின் மேல் இடுங்கள். பெட்ரோலியம் ஈதரில் அசிட்டோனைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு ஓட்டினால், வோகோனினும் ஒரோக்ஸிலின் ஏ-வும் முதலில் இறங்கும். பைக்காலீன் பின்னால் நீண்ட வாலுடன் வரும். அதன் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளும் சிலிக்காவை விடாமல் பற்றுவதே இந்த வாலுக்குக் காரணம். சிலிக்காத் தகட்டிலும் இதே வால் தெரியும்; கரைப்பானில் சில துளி ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் புள்ளி திரளும். பாலிஅமைடுத் தகட்டுக்கு டொலுவீன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், ஃபார்மிக் அமிலம் ஆகியவற்றை 10:3:1:2 விகிதத்தில் சேர்த்த பார்மகோபியாவின் கலவை நன்றாகவே பயன்படுகிறது.

பைக்காலீனைச் சிலிக்காவிலேயே தூய்மையாக்க முயலாதீர்கள். பாதி அங்கேயே ஒட்டிப் பழுப்பாகிவிடும். முதல் பிரிப்பு முடிந்ததும் அப்பகுதியைச் செபாடெக்ஸ் எல்எச்-20 நிரலுக்கு மாற்றி, மெத்தனாலால் மெதுவாக இறக்குங்கள். ஹைட்ராக்சில் குறைந்தவை முன்னும் மிகுந்தவை பின்னுமாக வரும். இறுதியில் மெத்தனாலிலிருந்து படிகமாக்கினால் மஞ்சள் ஊசிகள் கிடைக்கும்.

வோகோனினும் ஒரோக்ஸிலின் ஏ-வும் ஒரே மூலக்கூறு வாய்பாடுடைய மாற்றியங்கள். செபாடெக்ஸில் அவை சேர்ந்தே வருவதால், சி-18 ஹெச்.பி.எல்.சி.யில் மெத்தனால்–நீர் கலவையால் பிரிப்பதே வழி. தகட்டில் ஒரே புள்ளி தெரிகிறது என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. ஒரு சேர்மத்தைத் தூயது என்று சொல்ல, வெவ்வேறு மூன்று கரைப்பான் கலவைகளில் ஒரே புள்ளியும், ஹெச்.பி.எல்.சி.யில் ஒரே உச்சியும், அந்த உச்சியின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிலும் ஒரே புறஊதா நிறமாலையும் இருக்க வேண்டும்.

8. நிறைமாலையைப் படித்தல்

பைக்காலீனின் துல்லியமான நிறை, ஒரு புரோட்டான் ஏறிய நிலையில், 271.0601. அதிலிருந்து கிடைக்கும் வாய்பாடு கார்பன் 15, ஹைட்ரஜன் 10, ஆக்ஸிஜன் 5. இத்துடன் பெயரை எழுதிவிடுவது பரவலான தவறு. வேறு இரு தாவரச் சேர்மங்களான அபிஜெனினுக்கும் கலாஞ்ஜினுக்கும் இதே வாய்பாடுதான். துண்டுகளைப் பாருங்கள். பைக்காலீனின் நடுவளையம் உடையும்போது 169 என்ற துண்டு வரும். முதல் வளையத்தில் மூன்று ஹைட்ராக்சில்கள் இருப்பதன் அடையாளம் அது. அபிஜெனின் தருவது 153.

பைக்காலின் 447-இல் தோன்றி, 176 இழந்து 271 ஆகும். அந்த 176 குளுக்குரோனிக் அமிலத்துக்கு உரியது.

இனி 4-ஆம் பகுதியில் சொன்ன எஸ்டர். அமிலம் கலந்த மெத்தனாலில் பைக்காலினைச் சூடாக்கினால் உண்டாகும் மெத்தில் எஸ்டரின் வாய்பாடும், வேரில் இயல்பாகவே இருக்கும் வோகோனோசைடின் வாய்பாடும் ஒன்றே. இரண்டும் 461-இல் தெரியும். துல்லிய நிறையாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது. வோகோனோசைடு 176 இழந்து 285 ஆகும். எஸ்டர் 190 இழந்து 271 ஆகும். 461 கண்டதும் வோகோனோசைடு என்று எழுதியவர், உண்மையில் தன் குடுவையில் தானே உண்டாக்கியதைத் தாவரத்தின் கணக்கில் சேர்த்திருக்கலாம். ஐயம் வந்தால் 5 கிராம் வேரை ஆல்கஹால் இல்லாமல், அசிட்டோனைட்ரைல்–நீர் கலவையால் சாறெடுத்துப் பாருங்கள். அதிலும் அந்த உச்சி இருந்தால் அது வேரினுடையது.

9. என்.எம்.ஆர். மூலம் அமைப்பை நிறுவுதல்

கரைப்பானாக டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய டி.எம்.எஸ்.ஓ.வையே (டைமெத்தில் சல்ஃபாக்சைடையே) தேர்ந்தெடுங்கள். டியூட்டிரியம் ஏற்றிய மெத்தனாலில் ஹைட்ராக்சில் புரோட்டான்கள் இடம் மாறி மறைந்துவிடும். இந்தக் குடும்பத்தில் மிகப் பயனுள்ள சான்றே அவைதாம். மாதிரியை வெற்றிடத்தில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் அந்தப் புரோட்டான்கள் அகன்று தட்டையாகிவிடும்.

பைக்காலீனில் 12.6 பி.பி.எம். (என்.எம்.ஆர். அளவுகோலின் அலகு) அருகே கூர்மையான ஒரு குறி தெரியும். கார்பனைல் ஆக்ஸிஜனுடன் பிணைந்த 5-ஆம் இட ஹைட்ராக்சில் அது. 8.05 அருகே இரண்டு புரோட்டான்களும் 7.6 அருகே மூன்றும் பதிலி இல்லாத பக்க வளையத்தினுடையவை. எஞ்சிய இரண்டு ஒற்றைக் குறிகள் 6.9, 6.6 அருகே வரும். முன்னது 3-ஆம் இடம், பின்னது 8-ஆம் இடம். அபிஜெனினாக இருந்திருந்தால் பக்க வளையம் இரண்டு இரட்டைக் குறிகளாக, இரண்டிரண்டு புரோட்டான்களுடன் தெரிந்திருக்கும்.

வோகோனினையும் ஒரோக்ஸிலின் ஏ-வையும் பிரித்தறிவதில்தான் உண்மையான திறமை தேவைப்படுகிறது. இரண்டும் 285-இல் தோன்றி, ஒரு மெத்திலை இழந்து 270 ஆகின்றன. எனவே நிறைமாலை கைகொடுக்காது. வோகோனினில் மெத்தாக்சி 8-ஆம் இடத்திலும், ஒரோக்ஸிலின் ஏ-வில் 6-ஆம் இடத்திலும் உள்ளது. முதல் வளையத்தில் எஞ்சும் ஒற்றைப் புரோட்டான் முன்னதில் 6.3 அருகேயும் பின்னதில் 6.6 அருகேயும் வரும். இந்தச் சிறு வேறுபாட்டை மட்டும் வைத்து முடிவு செய்வது போதாது.

உறுதியான சான்று ஹெச்.எம்.பி.சி. (ஒரு புரோட்டானுக்கு இரண்டு, மூன்று பிணைப்பு தள்ளியுள்ள கார்பன்களைக் காட்டும் என்.எம்.ஆர். முறை) வரைபடத்தில் இருக்கிறது. 12.5 அருகிலுள்ள ஹைட்ராக்சில் புரோட்டானிலிருந்து கோடு பிடித்துச் சென்றால் 5, 6, 10 ஆகிய மூன்று கார்பன்களுடன் தொடர்பு தெரியும். அவற்றுள் 6-ஆம் கார்பன் எது என்று கண்டு, அதற்குச் சொந்தப் புரோட்டான் இருக்கிறதா என ஹெச்.எஸ்.க்யூ.சி.யில் (கார்பனோடு நேரே பிணைந்த புரோட்டானைக் காட்டும் முறையில்) பாருங்கள். அந்தக் கார்பன் 99 அருகே இருந்து, புரோட்டானும் ஏந்தியிருந்தால் மெத்தாக்சி 8-இல் உள்ளது; இது வோகோனின். அது 131 அருகே, புரோட்டான் இல்லாமல் இருந்தால் ஒரோக்ஸிலின் ஏ. இரண்டிலும் மெத்தாக்சி கார்பன் வழக்கமான 56-இல் நில்லாமல் 60-ஐ ஒட்டி வருவது, அதன் இருபுறமும் பதிலிகள் நெருக்கி நிற்பதைக் காட்டுகிறது. தசமூலத்தில் சேரும் பெருவாகை மரத்தின் தாவரப் பெயரான ஒரோக்ஸைலமிலிருந்தே ஒரோக்ஸிலினுக்குப் பெயர் வந்தது. சீன மருத்துவமும் அம்மரத்தின் விதையைப் பயன்படுத்துவதால், இந்தப் பகுப்பைக் கற்றவருக்கு அடுத்த செடி தயாராகவே இருக்கிறது.

10. சர்க்கரைப் பகுதியை உறுதிசெய்தல்

பைக்காலினில் 5.2 அருகே, ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ் பிளவுடன் வரும் இரட்டைக் குறி, சர்க்கரையின் முதல் கார்பனிலுள்ள புரோட்டான். அந்தப் பிளவு பீட்டா இணைப்பைக் காட்டும். அதிலிருந்து 7-ஆம் கார்பனுக்கு ஹெச்.எம்.பி.சி. தொடர்பு இருந்தால் இணைப்பின் இடமும் உறுதி. ஆனால் சர்க்கரை டி வகையா எல் வகையா என்பதை இந்த நிறமாலை சொல்லாது. பீட்டா குளுக்குரோனிடேஸ் நொதியோடு கலந்து, 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, பைக்காலீன் விடுபடுகிறதா என்று தகட்டில் பாருங்கள். அந்த நொதி டி வகையின் பீட்டா இணைப்பையே வெட்டும். மூன்றாம் கட்டத்தில் நாம் அடக்கிவைத்த வினையை இங்கே அளவறிந்து, வேண்டியே நடத்துகிறோம்.

11. மாதிரியை மீட்டு வைத்தல்

அளவீடு முடிந்ததும் என்.எம்.ஆர். குழாயை மேசையில் விட்டுவிடாதீர்கள். டி.எம்.எஸ்.ஓ. 189 டிகிரியில் கொதிப்பது. சுழல் ஆவியாக்கியில் அதை நீக்க முயன்றால் பைக்காலீன் வெப்பத்தில் கெடும். கரைசலைப் பத்து மடங்கு நீரில் ஊற்றினால் பைக்காலீனும் வோகோனினும் படிந்துவிடும்; வடிகட்டி, நீரால் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். படியாமல் கலங்கி மட்டும் நின்றால் சிறு சி-18 குழலில் ஏற்றி, நீரால் டி.எம்.எஸ்.ஓ.வைக் கழுவி, மெத்தனாலால் இறக்கலாம். உலர்ந்த பொடியை ஒளி புகாத கண்ணாடிக் குப்பியில், ஈரமின்றி, குளிரில் வைத்து, மேலே சேர்மத்தின் பெயர், நிறை, நாள் ஆகியவற்றோடு, 2-ஆம் பகுதியில் பெற்ற வேர்மாதிரியின் எண்ணையும் தவறாமல் எழுதுங்கள்.